ராஸி எராஸ்மஸ்: ஆட்டக்காரர் பயிற்சியாளரான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்க ரக்பி அணி 2019, 2023 என்று இரண்டு உலகக் கோப்பைகளை அடுத்தடுத்து வென்றதிலிருந்து அந்த அணிக்குப் பின்னால் இருப்பவரைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அவர் பெரிய ஆட்டக்காரராக இருந்தாரா, விதிகளை வளைக்கிறவரா, அந்த வெற்றிகளில் அவர் பங்கு எவ்வளவு என்ற கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. விதிப்புத்தகத்தைத் திறந்து, 'இதில் எது தடை செய்யப்படவில்லை?' என்று தேடுகிறவர் எராஸ்மஸ் என்பது என் எண்ணம். அவருடைய உயரங்களுக்கும் சறுக்கல்களுக்கும் இந்தக் குணமே காரணம் என்று நினைக்கிறேன்.

ராஸி எராஸ்மஸ் யார்?

முழுப்பெயர் யோஹான் எராஸ்மஸ். ராஸி என்றுதான் எல்லாரும் அழைக்கிறார்கள். 1997 முதல் 2001 வரை தென்னாப்பிரிக்காவுக்காக 36 சர்வதேச ஆட்டங்கள் ஆடிய முன்னாள் வீரர். 2018ல் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார், அடுத்த ஆண்டே உலகக் கோப்பையை வென்றார். இடையில் சில ஆண்டுகள் ரக்பி இயக்குநர் பொறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு, 2024ல் மறுபடியும் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார்.

எனக்கு ரக்பியே தெரியாது. குறைந்தபட்சம் என்ன தெரிந்தால் இந்தக் கதை புரியும்?

ரக்பி யூனியனில் ஒரு அணிக்கு 15 பேர். அதில் 8 பேர் ஃபார்வர்டுகள்: கனமானவர்கள், முட்டி மோதிப் பந்தைக் கைப்பற்றுகிறவர்கள். மீதி 7 பேர் பேக்குகள். ஓடுவதும் உதைப்பதும் பெரும்பாலும் இவர்கள் வேலை. ஆட்டம் 80 நிமிடம். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் அது ட்ரை, 5 புள்ளிகள். அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பெனால்டி உதைக்கு 3.

இரண்டு பக்கத்து ஃபார்வர்டுகளும் தலையைக் கோத்து, தோள் சேர்த்துத் தள்ளுவதற்கு ஸ்க்ரம் என்று பெயர். இந்தக் கதையில் அது அடிக்கடி வரும். அப்புறம் பெஞ்ச். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 23 பேரை அறிவிப்பார்கள், அதில் 8 பேர் மாற்று வீரர்கள். கிரிக்கெட்டின் பன்னிரண்டாவது ஆளைப் போல இவர்களை நினைத்துவிடக் கூடாது. உள்ளே வந்துவிட்டால் ஆட்டம் முடியும்வரை முழுவீச்சில் ஆடலாம். அந்த 8 இடங்களில் யாரை உட்காரவைப்பது என்பதில்தான் எராஸ்மஸின் பெயர் அதிகம் அடிபட்டது.

எந்த ஊர்க்காரர்? எந்த இடத்தில் ஆடினார்?

1972 நவம்பர் 5 அன்று ஈஸ்டர்ன் கேப் பகுதியில் டெஸ்பாட்ச் என்ற சிறிய ஊரில் பிறந்தார். ரக்பி வாழ்க்கை வேர்விட்டது ப்ளூம்ஃபான்டெய்ன் நகரில், ஃப்ரீ ஸ்டேட் அணியில். ஃபிளாங்கராகவும் எட்டாம் எண் வீரராகவும் ஆடினார். இரண்டுமே ஸ்க்ரமின் பின்பகுதியில் இருப்பவர்களின் இடங்கள். ஸ்க்ரம் பிரிந்ததும் முதலில் பாய வேண்டியவர்கள் இவர்கள்தான். பந்து அடுத்து எங்கே வரும் என்று ஒரு கணம் முன்னாலேயே கணிக்கத் தெரியாவிட்டால் இந்த இடத்தில் நிலைக்க முடியாது.

எராஸ்மஸுக்கு அந்தக் கணிப்பு உள்ளுணர்வால் மட்டும் வந்ததில்லை. எதிரணியின் ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, யார் எந்தச் சூழலில் என்ன செய்வார் என்று குறித்துவைக்கிற வீரர் என்று ஆடும் நாட்களிலேயே பெயர் வாங்கியிருந்தார். ரக்பி தொழில்முறை ஆட்டமாக மாறியதே 1995ல்தான். அந்தச் சூட்டில் பெரும்பாலான வீரர்கள் உடம்பை ஏற்றுவதில் குறியாக இருந்தபோது இவர் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளரானார் என்று சொல்வது பாதி உண்மைதான். காலணியைக் கழற்றுவதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட்டவர் அவர்.

அவர் ஆடிய காலத்தில் தென்னாப்பிரிக்க அணி எப்படி இருந்தது?

முதல் ஆட்டமே சாதாரணமானது இல்லை. 1997 ஜூலை 5, ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க், எதிரே பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ், அதாவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்களின் கூட்டு அணி. தொடரை லயன்ஸ் ஏற்கெனவே வென்றுவிட்டார்கள். அந்த மூன்றாவது ஆட்டத்தை மட்டும் தென்னாப்பிரிக்கா 35–16 என்று வென்றது.

அடுத்து நிக் மாலெட் பயிற்சியாளராக வந்தார். தொடர்ந்து 17 வெற்றிகள் வந்தன, அது அப்போதைய உலகச் சாதனைக்குச் சமம். 1998ல் நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் தாண்டி ட்ரை நேஷன்ஸ் கோப்பையை முதல்முறையாக வென்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து 13–7 என்று வென்று அந்த ஓட்டத்தை நிறுத்தியது. எராஸ்மஸ் அந்த அணியின் முக்கியமான வீரர்களில் ஒருவர்.

1999 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் கூடுதல் நேரத்தில் 27–21 என்று தோற்றார்கள். ஸ்டீஃபன் லார்க்கம் வெகு தூரத்திலிருந்து அடித்த டிராப் கோல் (ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தரையில் விட்டு, எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) தென்னாப்பிரிக்காவின் கனவை உடைத்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் நியூசிலாந்தை வென்று ஊர் திரும்பினார்கள். ஒரு உலகக் கோப்பையின் கடைசிக் கட்டம் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கும் என்பதை அவர் ஆடுகளத்தில் நின்றே பார்த்திருக்கிறார். 2023ல் நடந்தவற்றைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேசிய அணிக்குத் தலைவராக இருந்தாரா?

ஒரே ஒரு ஆட்டத்தில். 1999ல் கேப் டவுனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. 10–9 என்று வென்றார்கள்.

பயிற்சியாளராக முதல் வெற்றி எது?

தன் பழைய அணியான ஃப்ரீ ஸ்டேட் சீட்டாஸுடன் வென்ற 2005 கரி கோப்பை. தென்னாப்பிரிக்காவின் மாகாண அணிகளுக்கு இடையே நடக்கும் மிகப் பழைய போட்டி அது. ஃப்ரீ ஸ்டேட் அதற்கு முன் கடைசியாக வென்றது 1976ல். இறுதிப் போட்டி ப்ரிட்டோரியாவில், ப்ளூ புல்ஸின் சொந்த மைதானத்தில். 29–25 என்று ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு ப்ளூம்ஃபான்டெய்னில் அதே இரு அணிகள் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 28–28 என்று சமநிலையில் முடிக்க, கோப்பை பகிரப்பட்டது.

மைதானத்துக் கூரையில் உட்கார்ந்துகொண்டு வண்ண விளக்குகளைக் காட்டி வீரர்களுக்குச் சைகை கொடுத்த கதையும் அந்த ப்ளூம்ஃபான்டெய்ன் காலத்தைச் சேர்ந்ததுதான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: கூட்டம் இரைகிற மைதானத்தில் குரல் எட்டாது, உயரத்திலிருந்து பார்க்கிறவருக்கோ ஆட்டத்தின் வடிவம் முழுசாகத் தெரியும். விளக்கு காட்டக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து 2023 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டத்திலும் பயிற்சியாளர்கள் அறையிலிருந்து விளக்குகள் எரிந்தன.

அதன்பின் கேப் டவுனின் ஸ்டோர்மர்ஸ் அணி, 2011 உலகக் கோப்பையில் தேசிய அணிக்கு ஆலோசகர், 2012லிருந்து தேசிய ரக்பி சங்கத்தில் உயர்திறன் பிரிவின் பொறுப்பு என்று நகர்ந்தார்.

ஜாக் நீனாபர் என்ற பெயர் கூடவே வருகிறதே, அவர் யார்?

தொழிலால் ஒரு பிசியோதெரபிஸ்ட். பெரிய அளவில் ரக்பி ஆடியவர் இல்லை. ப்ளூம்ஃபான்டெய்ன் நாட்களிலிருந்தே எராஸ்மஸுடன் இருக்கிறார். காயங்களுக்கு மருத்துவம் பார்க்க வந்தவரை உடற்பயிற்சிப் பொறுப்புக்கும், பிறகு தடுப்பாட்டப் பயிற்சிக்கும் கொண்டுவந்தார் எராஸ்மஸ். மனித உடல் எந்தக் கோணத்தில் எவ்வளவு விசையைத் தாங்கும் என்று தெரிந்தவர் தடுப்பாட்டத்தைச் சொல்லித்தந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2019 இறுதிப் போட்டியே பதில். சான்றிதழையும் பழைய பெயரையும் பார்க்காமல் மூளையைப் பார்த்து ஆளைச் சேர்ப்பது எராஸ்மஸின் பெரிய பலம். முன்னாள் நட்சத்திரங்களால் மட்டும் பயிற்சிக் குழுவை நிரப்புகிற அணிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அயர்லாந்தில் என்ன செய்தார்?

2016ல் மன்ஸ்டர் அணிக்கு ரக்பி இயக்குநராகப் போனார், நீனாபரும் கூடப் போனார். தலைமைப் பயிற்சியாளர் ஆந்தனி ஃபோலி, மன்ஸ்டர் மக்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே நினைத்த முன்னாள் அணித்தலைவர். அந்த அக்டோபர் 16 அன்று, ராசிங் 92 அணியுடன் ஆடப் பாரிஸ் போயிருந்த இடத்தில், ஹோட்டலில் தூக்கத்திலேயே ஃபோலி இறந்துபோனார். வயது 42.

வெளிநாட்டிலிருந்து வந்து சில மாதங்களே ஆன ஒருவர், துக்கத்தில் உறைந்துபோன அணியை நடத்த வேண்டிய நிலை. ஆறு நாள் கழித்து லிமெரிக்கின் தோமண்ட் பார்க்கில் கிளாஸ்கோவை மன்ஸ்டர் 38–17 என்று வென்றது. அந்தப் பருவத்தில் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிவரையும் ப்ரோ12 லீக்கின் இறுதிவரையும் போனார்கள். கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் பயிற்சியாளர் வாழ்க்கையில் நான் மிக மதிக்கும் பருவம் அதுதான். தந்திரங்களுக்கு அங்கே இடமே இல்லை. மனிதர்களைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது, அவருக்குத் தெரிந்திருந்தது. 2017 இறுதியில் நாடு திரும்பினார்.

அவர் பொறுப்பேற்றபோது தென்னாப்பிரிக்க அணியின் நிலை என்ன?

மோசம். 2016ல் ஃபுளோரன்ஸில் இத்தாலியிடம் முதல்முறையாகத் தோற்றார்கள். 2017ல் நியூசிலாந்தில் 57–0 என்று வீழ்ந்தார்கள். உலகக் கோப்பைக்கு ஒன்றரை ஆண்டுதான் பாக்கி.

எராஸ்மஸ் முதலில் கைவைத்தது தேர்வில். வெளிநாட்டுக் கிளப்புகளில் ஆடுவோர் தேசிய அணிக்கு வர வேண்டுமென்றால் ஏற்கெனவே 30 சர்வதேச ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்றொரு கட்டுப்பாடு இருந்தது. அது விலக்கப்பட்டது. ஆட்டமுறையும் எளிமையானது: உயரமாக உதை, துரத்து, தடு, ஸ்க்ரமில் நசுக்கு. அழகியல் பிரியர்கள் முகம் சுளித்தார்கள். 2018ல் ஆடிய 14 ஆட்டங்களில் 7 வெற்றிதான். ஆனால் அதில் ஒன்று வெலிங்டனில் நியூசிலாந்தை 36–34 என்று வென்றது. அந்த ஒரு வெற்றிதான் அணிக்குள் நம்பிக்கையை விதைத்தது.

சியா கொலிசியைத் தலைவராக்கியது அரசியல் முடிவா?

இந்தக் கேள்வியை இன்னும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்கத் தேசிய ரக்பி அணி வெள்ளையர்களின் சொத்தாகவே இருந்தது. கருப்பின மக்களில் பலர் எதிரணிக்குத்தான் கைதட்டினார்கள். அதேசமயம் ஈஸ்டர்ன் கேப் பகுதியில் கருப்பின மக்களிடையே ரக்பிக்கு நூறாண்டுக்கும் மேலான சொந்தப் பாரம்பரியம் உண்டு, வெளியே தெரியாமல் அமுக்கப்பட்ட பாரம்பரியம். 1991ல் அந்தப் பகுதியின் ஸ்விடே குடியிருப்பில் பிறந்தவர் கொலிசி. பாட்டி வளர்த்த பிள்ளை, பசியை நேரில் கண்ட பிள்ளை. ரக்பித் திறமையால் கிடைத்த உதவித்தொகையில் நல்ல பள்ளிக்குப் போனார்.

2018ல் அவரைத் தலைவராக்கியபோது எராஸ்மஸ் சொன்ன காரணம் நேரடியானது: ஸ்டோர்மர்ஸ் அணியை அவர் ஏற்கெனவே தலைமை தாங்கிக்கொண்டிருக்கிறார், நன்றாக ஆடுகிறார். அவ்வளவுதான். ஆனால் ஸ்பிரிங்பாக்ஸ் என்று அழைக்கப்படும் தென்னாப்பிரிக்கத் தேசிய அணியை ஒரு சர்வதேச ஆட்டத்தில் வழிநடத்தும் முதல் கருப்பினத் தலைவர் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. அந்த ஜூன் 9 அன்று எல்லிஸ் பார்க்கில் இங்கிலாந்துக்கு எதிராக 24–3 என்று பின்தங்கி, 42–39 என்று வென்றார்கள்.

அரசியல் முடிவா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: இதற்கு முன் தகுதியுள்ளவர்களுக்கு அந்த இடம் கிடைக்காமல் போனதுதான் அரசியல் முடிவு. நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை உலகக் கோப்பையைத் தூக்கியவரின் தகுதியைப் பற்றி இன்னும் என்ன விவாதிக்க இருக்கிறது?

'பாம் ஸ்குவாட்' என்றால் என்ன?

வழக்கமாக 8 மாற்று வீரர்களில் 5 பேர் ஃபார்வர்டுகள், 3 பேர் பேக்குகள். காயம் எங்கே வரும் என்று தெரியாது, அதனால் எல்லா இடத்துக்கும் ஒரு காப்பு. இந்தப் பழக்கத்தை ஏன் பின்பற்ற வேண்டும் என்று எராஸ்மஸ் கேட்டார். விதி கோருவது ஸ்க்ரமின் முன்வரிசை மூவருக்கும் பயிற்சி பெற்ற மாற்று இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான். மீதி ஐந்து இடங்களும் பயிற்சியாளர் விருப்பம்.

ஒரு ஆட்டத்தில் அதிகம் களைப்பவர்கள் ஃபார்வர்டுகள். ஆக, பெஞ்சில் 6 ஃபார்வர்டுகள், 2 பேக்குகள். இரண்டாம் பாதி தொடங்கியதும் கிட்டத்தட்ட முன்வரிசை முழுக்கப் புதிதாக மாறும். எதிரணி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அதே கனத்தில், அதே கோபத்தில் இன்னொரு கூட்டம் வந்து மோதும். 2019ல் அந்த பெஞ்ச் வீரர்கள் 'பாம் ஸ்குவாட்' என்ற பெயரோடு வலம்வந்தார்கள்.

கணக்கைவிட எனக்குப் பிடித்தது இதன் உளவியல். எந்த ஆட்டத்திலும் 'மாற்று வீரர்' என்பது கொஞ்சம் தாழ்ந்த சொல். எராஸ்மஸ் அதைப் பெருமையாக மாற்றினார். ஸ்க்ரமின் முன்வரிசையில் நடுவே நிற்பவர் ஹூக்கர். மால்கம் மார்க்ஸ் உலகின் தலைசிறந்த ஹூக்கர்களில் ஒருவர். அவரே 2019ல் பெஞ்சிலிருந்து வந்தார், முகம் சுருங்காமல் வந்தார். 15 பேர் அணி, 8 பேர் காப்பு என்ற கணக்கு போய், 23 பேரும் அணி என்றானது.

2023ல் இது 7–1 ஆனது. முதல்முறை நடந்தது தற்செயல்: ட்விக்கன்ஹாமில் நியூசிலாந்துடனான ஆட்டத்துக்குச் சற்று முன் பேக் வீரர் வில்லி லெ ரூ விலக, அந்த இடத்தில் ஃபார்வர்டான க்வாகா ஸ்மித்தைப் போட்டார்கள். 35–7 என்று வென்றார்கள். பிடித்துப்போனது. உலகக் கோப்பை இறுதியிலும் அதையே செய்தார்கள்.

இது வீரர்களின் பாதுகாப்புக்கு நல்லதா?

நியாயமான கேள்வி. களைத்த உடல்கள்மீது புத்தம்புதுக் கனம் மோதுவது காயத்தை அதிகரிக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். களைத்தவர்தான் தவறான நிலையில் தலையைக் கொடுப்பார், ஆகவே மாற்றுவதே பாதுகாப்பு என்று மறுபக்கம் சொல்கிறது. எந்த அணியும் இதே கலவையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், ஒரு அணியை மட்டும் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை என்பது என் நிலைப்பாடு.

2019 உலகக் கோப்பையை எப்படி வென்றார்கள்?

ஜப்பானில் முதல் ஆட்டத்திலேயே நியூசிலாந்திடம் 23–13 என்று தோற்றார்கள். குழுச் சுற்றில் ஒரு தோல்வியோடு யாரும் அதுவரை கோப்பையை வென்றதில்லை. காலிறுதியில் ஜப்பானை 26–3, அரையிறுதியில் வேல்ஸை 19–16. நவம்பர் 2, யோகோஹாமா, இறுதிப் போட்டி: இங்கிலாந்து 12, தென்னாப்பிரிக்கா 32.

ஸ்க்ரமில் இங்கிலாந்து நொறுங்கியது. பெனால்டிகள் குவிந்தன, ஹாண்ட்ரே பொல்லார்ட் மட்டும் 22 புள்ளிகள் உதைத்தார். கடைசியில் மகசோலே மாபிம்பியும் செஸ்லின் கொல்பியும் ட்ரை அடித்தார்கள். 1995, 2007 இறுதிகளை உதைகளாலேயே வென்ற தென்னாப்பிரிக்காவுக்கு, உலகக் கோப்பை இறுதியில் கிடைத்த முதல் ட்ரை மாபிம்பி அடித்ததுதான்.

அன்று எராஸ்மஸ் பேசியதன் சாரம் இது: தென்னாப்பிரிக்காவில் அழுத்தம் என்பது வேலை இல்லாமல் இருப்பது, நெருங்கிய உறவு ஒருவர் கொல்லப்படுவது. ரக்பி அழுத்தத்தைத் தரக் கூடாது, நம்பிக்கையைத் தர வேண்டும். அதைச் சுமையாக அல்ல, கிடைத்த பேறாகப் பார்க்க வேண்டும்.

2021 காணொளி விவகாரம் என்ன?

லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்கா வந்திருந்தது. கொரோனா காலம், மைதானத்தில் ரசிகர்கள் இல்லை. முதல் ஆட்டத்தில் லயன்ஸ் 22–17 என்று வென்றது. அப்போது எராஸ்மஸ் இயக்குநர், தலைமைப் பயிற்சியாளர் நீனாபர். நடுவர் நிக் பெரியின் முடிவுகளை ஒவ்வொன்றாக அலசும் 62 நிமிடக் காணொளி ஒன்றில் எராஸ்மஸ் பேசினார். அது இணையத்தில் பரவியது. தொடரைத் தென்னாப்பிரிக்கா 2–1 என்று வென்றது.

உலக ரக்பி அமைப்பு விசாரித்து, இரண்டு மாதம் எல்லா ரக்பிப் பணிகளிலிருந்தும், 2022 செப்டம்பர் இறுதிவரை ஆட்டநாள் பணிகளிலிருந்தும் அவரைத் தடைசெய்தது. சங்கத்துக்கும் அபராதம் விழுந்தது. 2022 நவம்பரில் நடுவர்களின் முடிவுகள் பற்றிய சமூக ஊடகப் பதிவுகளுக்காக இன்னொரு இரண்டு ஆட்டத் தடை.

அவரை எவ்வளவு மதித்தாலும் இதில் அவர் பக்கம் நிற்க என்னால் முடியாது. அவர் சுட்டிய தவறுகளில் சில உண்மையாகவே தவறுகளாக இருக்கலாம். அதைச் சொல்ல அதிகாரப்பூர்வ வழி இருக்கிறது. ஒரு தனி மனிதரின் வேலையை ஒரு மணி நேரம் கூறுபோட்டது உலகம் முழுக்கச் சுற்றினால், அந்த மனிதரின் குடும்பத்துக்கு என்ன நேரும்? தடை இல்லாத இடத்தைத் தேடுகிற பழக்கம், தடை எழுதப்படாவிட்டாலும் தாண்டக் கூடாத கோடு ஒன்று உண்டு என்பதை அன்று மறந்துபோனது.

2023 வெற்றி யாருடையது? எராஸ்மஸுடையதா, நீனாபருடையதா?

தலைமைப் பயிற்சியாளர் நீனாபர்தான். பதிவேட்டில் அவர் பெயர்தான் இருக்க வேண்டும், இருக்கிறது. எராஸ்மஸ் இயக்குநர். இருபது ஆண்டு நட்பில் யார் யோசனை எது என்று பிரிப்பது வீண்வேலை.

அந்தத் தொடரின் கடைசி மூன்று ஆட்டங்களைப் பாருங்கள்: காலிறுதியில் பிரான்ஸை 29–28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16–15, இறுதியில் நியூசிலாந்தை 12–11. மூன்றும் ஒரே ஒரு புள்ளி. காலிறுதியில் பிரான்ஸின் 2 புள்ளி உதை ஒன்றை கொல்பி ஓடிப்போய்த் தடுத்தார், வித்தியாசம் ஒரு புள்ளி என்னும்போது அதன் விலை புரியும். அரையிறுதியில் கடைசி நிமிடங்களில் ஸ்க்ரமில் கிடைத்த பெனால்டியை நீண்ட தூரத்திலிருந்து பொல்லார்ட் உள்ளே அனுப்பினார். அந்த பொல்லார்ட் உலகக் கோப்பைக்கு முதலில் அறிவித்த அணியிலேயே இல்லை. மார்க்ஸ் காயமடைந்தபோது, ஹூக்கருக்குப் பதில் இன்னொரு ஹூக்கரை அழைக்காமல் உதைப்பவரை அழைத்தார்கள். அந்தத் துணிச்சலின் விலை இறுதியில் தெரிந்தது: மூன்றாவது நிமிடத்திலேயே ஹூக்கர் போங்கி ம்போனாம்பி காயமடைய, அப்போது பெரும்பாலும் ஃபிளாங்கராக ஆடிவந்த 37 வயது டியோன் ஃபூரி மீதி ஆட்டம் முழுக்க அந்த இடத்தில் நின்றார். தாங்கினார். 12 புள்ளிகளையும் உதைத்தவர் பொல்லார்ட்.

விதிகளையே மாற்ற வைத்தார் என்கிறார்களே, உண்மையா?

அவரால் மட்டுமே மாறின என்று சொல்ல முடியாது. ஆனால் வரிசையைப் பாருங்கள். 2021ல் தண்ணீர் கொடுப்பவராக மைதானத்துக்குள் ஓடினார், வீரர்களோடு பேச அது வழி. அடுத்த ஆண்டு, இயக்குநரோ தலைமைப் பயிற்சியாளரோ தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்று விதி வந்தது. 2023 காலிறுதியில் தன் எல்லைக்கு அருகே பந்தைச் சுத்தமாகப் பிடித்த டேமியன் விலம்சே, கிடைத்த இலவச உதையை உதைக்காமல் ஸ்க்ரம் கேட்டார். எல்லாரும் வாய்பிளந்தார்கள். 2024ல் இலவச உதைக்குப் பதில் ஸ்க்ரம் கேட்கும் உரிமையே நீக்கப்பட்டது.

2025ல் இத்தாலிக்கு எதிராக, ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை லைன்அவுட்டில் (பக்கக்கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறியும்போது பிடிப்பதற்காக) தூக்குவதைப் போலத் தூக்கி, பந்தை அவரிடம் கொடுத்து, அப்படியே கூட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஃப்ரீ ஸ்டேட் கூரை விளக்கிலிருந்து இதுவரை ஒரே மூளைதான்.

இன்னும் அதே சலிப்பான உதைக்கும் ஆட்டம்தானா?

இல்லை. இதைச் சொல்கிறவர்கள் 2024க்குப் பிறகு அணியைப் பார்க்கவில்லை. நீனாபர் அயர்லாந்தின் லைன்ஸ்டர் அணிக்குப் போனபின், எராஸ்மஸ் தாக்குதலுக்கு நியூசிலாந்தின் டோனி பிரவுனையும் தடுப்பாட்டத்துக்கு அயர்லாந்தின் ஜெரி ஃபிளானரியையும் அழைத்துவந்தார். இரண்டு கோப்பை வென்ற முறையைத் தானே கலைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

சறுக்கல்களும் உண்டு. 2025 ஆகஸ்டில் எல்லிஸ் பார்க்கில் 22–0 என்று முன்னிலை வகித்து, ஆஸ்திரேலியாவிடம் 38–22 என்று தோற்றார்கள். ஒரு மாதம் கூட ஆகவில்லை, வெலிங்டனில் நியூசிலாந்தை 43–10 என்று வென்றார்கள். நியூசிலாந்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி அது. 2024, 2025 இரண்டிலும் தென்கோள நாடுகள் மோதும் ரக்பி சாம்பியன்ஷிப் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கே.

நல்ல ஆட்டக்காரர்தான் நல்ல பயிற்சியாளர் ஆக முடியுமா?

ஆண்கள் உலகக் கோப்பை வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2007ல் வென்ற ஜேக் ஒயிட், 2011ல் வென்ற கிரஹாம் ஹென்றி, 2023ல் வென்ற நீனாபர் ஆகியோர் சர்வதேச ஆட்டம் ஆடியவர்கள் இல்லை. 1987ல் வென்ற பிரையன் லோகோர் நியூசிலாந்தின் முன்னாள் தலைவர், 2003ல் வென்ற கிளைவ் வுட்வர்டு இங்கிலாந்துக்காக ஆடியவர், ஆனால் இருவருடைய ஆட்டக்காலமும் உலகக் கோப்பை பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. உலகக் கோப்பையில் வீரராக ஆடி, பிறகு தலைமைப் பயிற்சியாளராக அதை வென்றவர் இதுவரை எராஸ்மஸ் ஒருவர்தான்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர் எந்த ஆட்டங்களைப் பார்க்கலாம்?

முதலில் 2019 இறுதிப் போட்டி. ஸ்க்ரம் என்றால் என்ன என்பது கேள்வியே கேட்காமல் புரிந்துவிடும். அப்புறம் 2023 காலிறுதி, பிரான்ஸுக்கு எதிராகப் பாரிஸில் நடந்தது. முதல் பாதியின் வேகத்துக்கு ஈடான ரக்பியை நான் அதிகம் பார்த்ததில்லை. மூன்றாவதாக 2025 வெலிங்டன் ஆட்டம், அதுவும் இரண்டாம் பாதி. நேரம் இருந்தால் 2016ல் மன்ஸ்டர் கிளாஸ்கோவை எதிர்கொண்ட ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள். அதில் எராஸ்மஸ் முகம் அதிகம் தென்படாது, பரவாயில்லை, வீரர்களைப் பாருங்கள்.